துவைத்த டாலர்

வங்காளத்தில் தமிழர்கள் கூடி வாழும் லேக் மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டாலர் மாமி. நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். காப்பிப்பொடிக் கடையில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கவுண்டரில் இருந்த நாட்களில் அவ்வப்போது யாராவது பழைய அமெரிக்க நோட்டோடு வருவார்கள். தாத்தாவின் பெட்டியில் இருந்தது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொடுத்தது என்று ஆளுக்கு ஒரு கதை. வங்கி வாங்காது. திருப்பிக் கொடுப்பதற்கு முன் நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பைத்தியம் அப்படித்தான் பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகு தடிமனான ஒரு கேட்லாக்கும் நல்ல லென்ஸும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் நோட்டைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் வைக்கலாம். காசு வாங்குவதில்லை. காப்பி கொடுப்பேன், உள்ளதைச் சொல்வேன். காப்பி பிடித்த அளவுக்கு உள்ளது பிடிப்பதில்லை.

நான் பார்க்கும் முறை எளிமையானது. முதலில் முத்திரையின் நிறம். இன்றைய நோட்டுகளில் பச்சை. சிவப்பு என்றால் பழைய வேறு வகை. நீலம் என்றால், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஈடாக வெள்ளி தருவோம் என்று அரசாங்கம் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த நோட்டு. பிறகு வரிசை எண். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால், அச்சில் கெட்டுப்போன ஒரு நோட்டுக்குப் பதிலாக அடித்தது என்று அர்த்தம். அவை குறைவு, அதனால் விலை கூடும். கடைசியில் தாளின் நிலை. மடிப்பு, மூலை, விறைப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரலால் தடவினால் அச்சு மேடு தட்டுப்பட வேண்டும்.

நியூ டவுனிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பையன் இரண்டு டாலர் நோட்டோடு வந்தான். இணையத்தில் அதற்கு லட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறதாம். "இதோட விலை ரெண்டு டாலர்ப்பா" என்றேன். வாடகைக் கார் செலவே அதற்கு மேல் ஆகியிருக்கும். இன்னொரு குடும்பம் அருமையான நீல முத்திரை நோட்டை, ஈரத்தில் கெட்டுவிடும் என்று மதிப்பெண் சான்றிதழ்களோடு சேர்த்து லேமினேஷன் செய்து வைத்திருந்தது. அவர்கள் முகத்துக்கு நேராகவே தலையில் அடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்வது, நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று காட்டுவதற்காக அல்ல. அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஜாதவ்பூரிலிருந்து ஒருவர் வந்தார். எண்பது வயது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா. இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர். பேசும் தமிழ் நம் வீட்டுத் தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் வங்காளம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து மற்றொரு உறையை எடுத்து, ஒரு டாலர் நோட்டை மேஜையில் வைத்தார்.

"என் நாத்னி அமெரிக்காவுக்குப் படிக்கப் போறா. இன்னும் பத்து நாள்ல ஃப்ளைட்" என்றார். பேத்தியைத்தான் நாத்னி என்கிறார். "இது எங்கப்பாவோடது. யுத்த காலத்துல அமெரிக்காக்காரன் கிடங்குல அப்பா ஸ்டோர்கீப்பர். அங்க கிடைச்சதுன்னு அம்மா சொல்லுவா. ஆசீர்வாதம் பண்ணி அவ கையில குடுக்கலாம்னு பாக்கறேன். மானே, அதாவது, விலைன்னு ஏதாவது உண்டா, இல்ல வெறும் காயிதமான்னு தெரியணும்."

"அப்பா வேற ஒண்ணும் சொல்லலையா மாமா?"

"எனக்கு எட்டு மாசத்துல அப்பா போயிட்டார். டைபாய்டு. போட்டோகூடக் கிடையாது."

நான் லென்ஸைக் கையில் எடுத்தேன். நீல முத்திரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து ஏ வரிசை. எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம்! எனக்கு உள்ளூர ஒரு துள்ளல். அந்தத் துள்ளல் அடுத்த நொடியே அடங்கிவிட்டது. நோட்டு முழுக்க மசிக் கிறுக்கல். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், மூலை எல்லா இடத்திலும் யார் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வங்கிக்காரர்களுக்கு நோட்டில் எழுதுபவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷம் அப்படிப்பட்ட நோட்டுகளைத் தனியாக ஒதுக்கிப் போட்ட கை என்னுடையது. கிறுக்கல் என்று தெரிந்ததும் அதற்கு மேல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

"நட்சத்திர நோட்டு மாமா. சுத்தமா இருந்தா நல்ல விலை. இந்தக் கிறுக்கல் மட்டும் இல்லேன்னா பிரமாதமான நோட்டு."

"கிறுக்கல்தான் கெடுக்கறதா?"

"அதேதான்" என்றேன். எவ்வளவு திட்டவட்டமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். வருகிற நோட்டை எல்லாம் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதையும் எடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "விலை கிடக்கட்டும். ஆனா கிறுக்கின நோட்டை ஆசீர்வாதம்னு குழந்தை கையில எப்படிக் குடுக்கறது? நன்னாருக்காதே" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணத்துக்கு மொய் வைப்பதென்றால்கூட வங்கியில் என்னைப் பிடித்துப் புது நோட்டு வாங்கிப் போகிறவர்கள் எங்கள் மனுஷர்கள். மடிந்த நோட்டை வைத்தால் மனசும் மடிந்தது என்று நினைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, என் பதிவேட்டில் அந்த நோட்டைக் குறித்துக்கொள்ள உட்கார்ந்தேன். அச்சுத் தகட்டின் எண் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கப் படத்தைப் பெரிதாக்கினேன். கீழ் ஓரத்தில், பூவேலைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டையில், தலைகீழாக ஏதோ எழுதியிருந்தது. போனைத் திருப்பினேன். முதல் எழுத்து 'இ'. அடுத்தது 'ன்'. பழுப்பேறிய மசி, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து. மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"இன்று காலை ஆண் குழந்தை. கிடங்கில் எல்லோருக்கும் சந்தேஷ் கொடுத்தேன். எல்லோரும் குழந்தைக்காகக் கையெழுத்துப் போட்டார்கள்."

கீழே ஒரு பெயர். ஜாதவ்பூர்க்காரர் பெயரைச் சொன்னபோது முன்னால் வைத்த தலைப்பெழுத்து அந்தப் பெயருக்குப் பொருந்தியது.

பிறகுதான் கேட்லாக்கில் நான் எப்போதும் தாண்டிப் போகும் பக்கத்தைப் படித்தேன். யுத்த காலத்தில் அமெரிக்க விமானப் படைக்காரர்கள், கூடப் பறந்தவர்கள், கூடக் குடித்தவர்கள் எல்லோரிடமும் ஒரே நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்களாம். யார் யார் எங்கே சேர்ந்து இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்துகள்தான் அத்தாட்சி. அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அந்த வழக்கத்தைப் பார்த்து, ஒரு தமிழ் ஸ்டோர்கீப்பர் தன் பிள்ளை பிறந்த அன்று வங்காள இனிப்பைக் கொடுத்து, ஒரு டாலரை எல்லோரிடமும் நீட்டியிருக்கிறார்.

உடனே போன் செய்தேன். "மாமா, உங்க நோட்டைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நேர்லதான் சொல்லுவேன்." எதிர்முனையில் ஒரே உற்சாகம். "நானும் உங்களுக்கு ஒண்ணு காட்டணும். நேர்லதான் காட்டுவேன். ஞாயித்துக்கிழமை வரேன்." இரண்டு பேரும் சிரித்தோம். படித்துக் காட்டும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை. அந்த ஆசையில் போனில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மழையில் கால் நனைந்திருந்தது. உறைக்குள் உறை. நோட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, மாயாஜாலக்காரர் மாதிரி கையை விலக்கினார்.

நோட்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"எப்படி!" என்றார். "நாப்பது வருஷம் ஆபீஸ் போனவன் மாமி. சட்டைப் பையில மசி கொட்டினா எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாதா? எலுமிச்சம்பழம், உப்பு. அதுக்கும் போகாத இடத்துல வெளுக்கற மருந்து ரெண்டே சொட்டு. பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தேன். அன்னிக்கு உங்காத்துலேர்ந்து போனதும் ஆரம்பிச்சேன், ரெண்டு நாளாச்சு. கடைசியா கைக்குட்டைக்கு நடுவுல வெச்சு இஸ்திரி. இப்ப குடுக்கலாமோல்லியோ?"

நான் போன் செய்தபோதே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதனால் என் மனசு ஆறிவிடவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். முத்திரையின் நீலம் வெளிறியிருந்தது. தாள் துவைத்த கைக்குட்டை மாதிரி தொய்ந்திருந்தது. விரலுக்கு எந்த மேடும் தட்டவில்லை. அந்தக் கீழ் ஓரத்தில் லென்ஸ் வைத்தும் ஒன்றும் இல்லை.

"என்ன, நன்னாருக்கா?" என்று மறுபடி கேட்டார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் உள்ளதைச் சொல்லி முகம் சுருங்க வைத்திருக்கிறேன். ஒரு நாளும் தயங்கியதில்லை. அன்றைக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நன்றாக இருக்கிறது மாமா, பேத்தியிடம் கொடுங்கள் என்றால் போதும். அவர் சந்தோஷமாகப் போவார். போனிலிருக்கும் படத்தை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதைத்தான் நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நீங்க என்னமோ சொல்லணும்னேளே?" என்றார்.

போனை எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தேன். "நான் தப்பு பண்ணிட்டேன் மாமா. கிறுக்கல்னு சொன்னது என் தப்பு. இந்த ஓரத்துல தமிழ்ல எழுதியிருந்தது. அன்னிக்கே நான் பாத்திருக்கணும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது தமிழா?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து இந்த நோட்டைப் பாக்கறேன். பூ டிசைன்னு நெனச்சேன். நான் படிச்சது பெங்காலி ஸ்கூல். எனக்குத் தமிழ் படிக்க வராது மாமி. அம்மாவுக்கு எந்த பாஷையும் படிக்கத் தெரியாது."

நான் படித்துக் காட்டினேன். மூன்று வரியும், கீழே இருந்த பெயரும். பெயரைக் கேட்டதும் அவர் கை மேஜையைப் பிடித்துக்கொண்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த வெளுத்த நோட்டை எடுத்து, எழுத்து இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதைத்தான் கடைசியா எடுத்தேன். இது மட்டும் போகவே மாட்டேன்னுது. மருந்து விட்டதே இதுக்குத்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்கோ மாமா என்றதை அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"மாமா ஆத்துலதான் வளந்தேன்" என்றார். "அம்மாவோட அண்ணா ஆத்துல. நான் பொறந்த வேளைதான் அப்பாவைக் கொண்டுபோயிடுத்துன்னு அங்க எல்லாரும் சொல்லுவா. கோவத்துல இல்ல, சாதாரணமாவே சொல்லுவா, இன்னிக்கு மழை பேஞ்சுதுங்கற மாதிரி. அம்மாவும் மறுத்துப் பேசினதில்ல. எண்பது வயசு ஆச்சு. இன்னும் பர்த்டே கொண்டாடினா எனக்குப் பிடிக்காது. ஆத்துல எல்லாருக்கும் தெரியும்."

அணைந்துபோயிருந்த போன் திரையை மறுபடி ஒளிர வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"சந்தேஷ் குடுத்தார்னு போட்டிருக்கோல்லியோ?"

"ஆமாம் மாமா. கிடங்குல எல்லாருக்கும்னு போட்டிருக்கு."

"எல்லாருக்குமா?" என்றார். போனை என் பக்கம் தள்ளினார். "இன்னொரு தடவை படிங்கோ. மெதுவா."

படித்தேன்.