அறுபத்தொன்பது அடிக் கம்பி

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த செக்கன் மணிக்கூட்டில் ஓடுவது மட்டுந்தான். அதனால், யன்னலோரம் நின்ற அக்கா "ஐம்பது பாகைக்குச் சீக்கன்ட் எவ்வளவெண்டு பார்த்துச் சொல்லு" என்றபோது, தென்னைமரத்தை அளக்கிறவளுக்கு நேரம் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில் மாமாவின் வீட்டில் இருந்தோம். அப்பா மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கர். யுத்தம் அந்தப் பக்கமும் வரும் என்ற கதை அடிபடத் தொடங்கியதும் அம்மாவையும் எங்கள் இருவரையும் கப்பலேற்றிவிட்டு, லீவு கிடைக்காமல் தான் மட்டும் நின்றுவிட்டார். கடைசிக் கடிதத்தில், தன்னைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறார்கள் என்றும், அங்கே ஒரு பயமும் இல்லையென்றும் எழுதியிருந்தார். பிறகு கடிதமே வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்துவார். மணி எங்கள் படலையைக் கடந்து போனதும், ஒன்றும் நடவாததுபோல மறுபடி தொடங்குவார்.

மாமாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. அதில் எப்போதும் எண்ணெயில் மீன் பொரிகிற இரைச்சல்தான். மாமாவும் அம்மாவும் காதைக் கிட்டக் கொண்டுபோய், அந்தப் பொரியலுக்குள் மலாயாவைத் தேடுவார்கள். உயரத்திலிருந்து ஒரு செப்புக்கம்பி இழுத்தால் தெளிவாகக் கேட்கும் என்று மாமா வேலைசெய்யும் கந்தோரில் யாரோ அவருக்குச் சொன்னார்கள். உயரத்துக்கு எங்கள் பின்வளவுத் தென்னை இருந்தது. தேங்காய் பறிக்கிற ஆள் திங்கட்கிழமை வருவார். அதற்குள் கம்பி வீட்டில் இருக்கவேண்டும். யுத்த காலத்தில் செப்புக்கம்பி லேசில் கிடைக்காது. புறக்கோட்டையில் மாமாவுக்குப் பழக்கமான கடைக்காரர் ஒரேயொரு முறை தருவதாகச் சொல்லியிருந்தார். அதையும் எத்தனை அடி என்று சரியாகச் சொன்னால் வெட்டித் தருவார். கூடக் கேட்டால் தரமாட்டார். குறைந்துவிட்டால், ஒட்டுப்போட்ட கம்பி உதவாது என்றார்கள்.

"மரத்தில ஏறாமல் எப்படி அளக்கிறது?" என்றார் மாமா.

"நான் கணக்குப் பண்ணித் தாறன்" என்றாள் அக்கா.

அக்காவுக்குப் பதினேழு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால், வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, பாப்பம். கணக்குப் பிழைச்சால் உந்தப் புத்தகம் எல்லாத்தையும் கட்டி அலுமாரிக்கு மேல வச்சுப்போட்டுச் சமையல் பழகவேணும். சரியோ?"

"ஓம்" என்றாள் அக்கா. நான் அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. நானும் அவளுமாக யன்னலுக்குக் கீழிருந்து தென்னையின் அடிவரை நாடா பிடித்து அளந்தோம், நாற்பத்திரண்டு அடி. பிறகு அவள் யன்னல் கட்டில் பாகைமானியைப் பிடித்து, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் மரத்தின் தலையைப் பார்த்தாள். ஐம்பது பாகை. அவளுடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அட்டவணைப் புத்தகத்தின் எழுத்தோ கடுகளவு. அதனால் வாசிக்கும் பதவி எனக்குக் கிடைத்தது.

"சீக்கன்ட் எண்டால் என்ன?" என்று கேட்டேன்.

"நிலத்தில ஒரு அடி போறதுக்குச் சரிவில கம்பி எத்தினை அடி போகவேணும் எண்டு சொல்லுற எண். அதை நாப்பத்திரண்டால பெருக்கினால் எங்கட கம்பி. மரத்தின்ர உயரம் தெரியவே தேவையில்லை. கவனம், நாப்பத்தஞ்சு பாகைக்கு மேல போனால் தாளின்ர அடியில இருக்கிற பேரைத்தான் பார்க்கவேணும்."

கடைசிச் சொல் எனக்குக் கேட்டது, ஆனால் ஏறவில்லை. ஐம்பதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், தாளின் தலைப்பில் சீக்கன்ட் என்று போட்டிருந்த வரிசையில் விரலை ஓட்டி, "ஒன்று தசம் மூன்று பூச்சியம் ஐந்து நான்கு" என்று உரக்க வாசித்தேன். அக்கா பெருக்கினாள். ஐம்பத்தைந்து அடி, முடிச்சுக்கும் தொய்வுக்கும் மூன்று சேர்த்து ஐம்பத்தெட்டு. மாமா அதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை காலை மாமா கந்தோருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அரை நாள் வேலை முடிந்து அப்படியே புறக்கோட்டைக்குப் போவதாக ஏற்பாடு. நான் என்னுடைய அந்த அழகான எண்ணை இன்னொருமுறை பார்க்கலாம் என்று புத்தகத்தை விரித்தேன். அப்போதுதான் தாளின் அடியிலும் பெயர்கள் இருப்பதைக் கண்டேன். மேலே சீக்கன்ட் என்றிருந்த அதே வரிசைக்குக் கீழே கோசீக்கன்ட் என்றிருந்தது. சீக்கன்ட் பக்கத்து வரிசைக்குப் போயிருந்தது. அங்கே ஐம்பதுக்கு நேரே ஒன்று தசம் ஐந்து ஐந்து ஐந்து ஏழு.

தட்டில் இருந்த இடியப்பத்தை அப்படியே விட்டு எழுந்தேன். அம்மாவிடம் போய் நின்றேன். அம்மா தபால்காரரின் மணிக்காகப் படலைப் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். மாமா சப்பாத்துப் போட்டார். சொன்னால் அக்காவின் புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே போய்விடும். சொல்லாவிட்டாலும் திங்கட்கிழமை கம்பி குறைந்து, அவை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மாமா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அவர் ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடி, விக்கி விக்கிச் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஈரக்கையால் மண்ணில் ஒரு பெருக்கல் போட்டாள்.

"அறுபத்தஞ்சே சொச்சம், அறுபத்தாறெண்டு வை. மூண்டு. அறுபத்தொன்பது" என்றாள். அடுத்த கணம் ஓடத் தொடங்கினாள்.

குமர்ப்பிள்ளை ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே நனைந்த வீட்டுப் பாவாடையோடு, வெறுங்காலுடன் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஓடியதை அன்றைக்கு எத்தனை யன்னல்கள் பார்த்தனவோ. நான் பின்னால் ஓடினேன். கடற்கரை ஸ்டேசனுக்கு நாங்கள் வந்து சேரவும், தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் புகையோடு வந்து நிற்கவும் சரியாயிருந்தது. மாமா பெட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். அக்கா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மாமா! அறுபத்தொன்பது! அறுபத்தொன்பது அடி!"

பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மாமாவும் திரும்பினார். எஞ்சின் ஊதியது. அவருடைய முகம் கோபத்தில் சுருங்கியதுதான் தெரிந்தது. எண் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ரயில் போய்விட்டது.

அன்று மதியம் வரை போன நேரம்போல ஒரு நேரத்தை நான் பிறகு பரீட்சை மண்டபங்களில்கூடக் கண்டதில்லை. அக்கா கிணற்றடிக்குத் திரும்பினாள். தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்தாள். இரண்டு மணிக்குப் பிறகுதான் மாமா வந்தார். கம்பிச் சுருளை மேசையில் போட்டார்.

"றோட்டில நிண்டு கத்துறதுக்கோ உன்னைப் படிப்பிக்கிறது? என்ர கந்தோர் ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை."

"எத்தினை அடி மாமா?" என்றாள் அக்கா.

"நீ கத்தினதுதான்" என்றார் மாமா. துண்டில் இருந்த ஐம்பத்தெட்டு எப்படிப் பிழைத்தது என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் என் பெயரைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, மரமேறுகிறவர் கம்பியின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். அம்மாவும் அக்காவும் நானும் யன்னலில் நின்று மறுமுனையைப் பிடித்திருந்தோம். அவர் ஏற ஏறச் சுருள் குறைந்துகொண்டே வந்தது. ஆறு சுற்று. நாலு. இரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஹரி நோனா, ஹரி!" சரியாய் வந்துவிட்டதென்று மேலேயிருந்து சிங்களத்தில் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, இரண்டரை அடிக் கம்பி அக்காவின் கையில் மிச்சமிருந்தது. அம்மா சிரித்தபடி அவளுடைய தலையைத் தடவினார். மாதக்கணக்காக நான் காணாத சிரிப்பு அது.

மாலையில் மாமா கம்பியை ரேடியோவில் பூட்டினார். இரைச்சல் ஒரேயடியாக அடங்கியது. பக்கத்து அறையில் நின்று கதைப்பதுபோல, ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் செய்தி வாசித்தது. வேகமான அந்த ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்.

"சிங்கப்பூர்! அப்பான்ர ஊர்ப் பேர் சொல்லுறாங்கள்!" என்று கை தட்டிக் குதித்தேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மாமா கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். ஆனால் அங்கே பாத்திரம் உருளும் சத்தமோ அடுப்பு ஊதும் சத்தமோ கேட்கவில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரரிடம் விழுந்த செய்தி அது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வரி வந்து சேர மூன்றரை வருடங்கள் ஆயின.

"இன்னொருக்காப் போடுங்கோ மாமா, திரும்பச் சொல்லுவாங்கள்" என்று நான் கெஞ்சினேன். அக்கா என்னை இழுத்து மடியில் போட்டு, எலும்பு நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு என் முதுகில் இடித்தது. பிழையை நானாகவே வந்து சொன்னதற்காகத்தான் இப்படிக் கட்டிப்பிடிக்கிறாள் என்று நினைத்து, நானும் பெருமையோடு அசையாமல் இருந்தேன்.