வாடைக்காற்றில் சவரிமுத்து அண்ணன்

வியாழக்கிழமை காலை சவரிமுத்து அண்ணன் எண்ணிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல "இன்னைக்கு எந்தப் பக்கம் காத்து?" என்று கேட்பார் என நினைத்து, ஜன்னலைத் திறந்து தென்னை மட்டையைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவர் மகன். "சித்தப்பா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க." மட்டை தெற்கே சாய்ந்திருந்தது. அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

நாகல் நகரில் அவர் தையல் கடையும் என் எலக்ட்ரிக்கல் கடையும் அடுத்தடுத்து. அவரோடு சேவுகம்பட்டி வரை மிதித்த நம் சைக்கிள் கூட்டத்துக்காரர்களுக்கு அவர் கேள்விகள் தெரியும். வழியில் யாரையும் நிறுத்தி எதையும் கேட்பார். "கேட்டா கொறஞ்சா போயிருவோம்?" என்பார்.

போன தை மாதம் அவர் ஆசைக்காக யாழ்ப்பாணம் போனோம். வாடகைச் சைக்கிளில் வேலணை, புங்குடுதீவு என்று கடல் நடுவே போட்ட சாலையில் கிளம்பினோம். இருபுறமும் தண்ணீர், மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. வண்டி பறந்தது. ஊரில் மெதுவாகவே மிதிக்கும் என் கால்களுக்கு இவ்வளவு வேகமா என்று எனக்கே வியப்பு. வீடியோ எடுத்து என் மகனுக்கு அனுப்பினேன். "பாத்துக்கடா, உங்கப்பன் ரேஸ்காரன்." அவன் எழுதினான்: "திரும்பி வாங்க, அப்பறம் பேசுவோம்."

அண்ணன் தண்ணீரில் நின்ற பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "எல்லாம் ஏன் ஒரே பக்கம் மூஞ்சியத் திருப்பி நிக்குது?" என்றார்.

வலைக்காரர் சிரித்தார். "வாடைக்காத்தைப் பாத்து நிக்குதுகள். உங்களைப் பின்னால நிண்டு தள்ளினதும் அதுதான். திரும்பேக்க விளங்கும்."

விளங்கியது. திரும்பும்போது காற்று வண்டியை அசையவிடவில்லை. மீன் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏறச் சொன்னார். நான் ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"ஏலே, மகன்கிட்ட என்ன சொல்லுவ?"

"லாரியும் வண்டிதானேண்ணே."

"எறங்கு அப்பு. எனக்குப் பின்னால ஒட்டி வா. காத்த நான் வாங்கிக்கிறேன்."

அவர் நூல்போல இருப்பார். அந்த மறைவில் என் மூக்கு மட்டும் பிழைத்தது. சிறிது நேரத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. இறங்கி நின்று, துணிக்கு அளவெடுப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டோம்லே. வருசா வருசம் உன் இடுப்புக்கு ரெண்டு இஞ்ச் விடுறேனே, எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. நீ முன்னால போ."

போனேன். வாழ்நாளில் முதல்முறையாக என் தொந்திக்கு வேலை கிடைத்தது. காற்றுக்குப் பயந்து குனிந்தால் பின்னாலிருந்து சத்தம் வரும்: "குனியாதலே, எனக்கு அடிக்குது." நிமிர்ந்தே மிதித்தேன். பொழுது சாயுமுன் இரண்டு பேரும் யாழ்ப்பாணம் சேர்ந்தோம். மகனுக்கு வீடியோ எடுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அண்ணன்தான் எடுத்து அனுப்பினார்.

அவரைப்போல வழிப்போக்கரை நிறுத்திக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. வந்தது ஒன்றுதான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் திரும்பினேன். எதிர்க்காற்று. குனிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நாகல் நகர் வரை நிமிர்ந்தே மிதித்து வந்தேன்.