வால் வரும்வரை

என் மாப்பிள்ளை போன கோடையில் ஒரு மலையையே முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இது மிகை என்று எனக்கே தெரியும். முதுகில் இருந்தது மலை இல்லை, ஒரு பை. ஆனால் அவர் திரும்பி வந்த அன்று கூடத்தில் கிடந்த அந்தப் பையை ஓரமாகத் தள்ளப் பார்த்தேன். பை நகரவில்லை, நான்தான் நகர்ந்தேன். ஆகவே மலை என்று சொன்னதில் பாதியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்து மெழுகில் ஈறு செய்து, பல் நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் தருவது இவர். மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்த அறை. இருக்கும் ஒரே ஜன்னலையும் ஏ.சி. பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. அலமாரி முழுக்க வெள்ளை பிளாஸ்டர் தாடைகள், யாரோ சொன்ன ஜோக்குக்கு ஒட்டுமொத்தமாகச் சிரிப்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த அறையில் சிரிக்காத ஒரே வாய் மாப்பிள்ளையுடையது. சாயங்காலம் வீடு திரும்பும்போது இமைமுடியில்கூட வெள்ளைத் தூள் படிந்திருக்கும்.

நோயாளி கோணலாகக் கடித்திருப்பார், அல்லது டாக்டர் அவசரத்தில் அச்சை அசைத்திருப்பார். பல்செட் பொருந்தாது. பொருந்தாதது எல்லாம் கடைசியில் வந்து நிற்பது இவர் மேஜையில். "கொஞ்சம் தேய்ச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். இவர் "சரி" என்பார். வீட்டிலும் அதே 'சரி'தான். ராத்திரி கதவைப் பூட்டுவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, எல்லோரும் குளித்த பிறகு ஆறிப்போன வெந்நீரில் குளிப்பது எல்லாம் அவர்தான். யாரும் கேட்டு அவர் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. என் கீழ்ப்பல்செட்டையே எத்தனை முறை தேய்த்துத் தந்திருக்கிறார்! பல்செட்டில் குறையில்லை, உன் வாய்தான் சும்மா இருப்பதில்லை என்பது என் மகளின் தீர்ப்பு.

இந்த மனிதருக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து மூன்று கூட்டாளிகள். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க பிரேக்கை மிதிப்பவர். அந்த ஆத்திரத்தையெல்லாம் மலையில் தீர்த்துக்கொள்வார். இரண்டாமவர் மருந்துக்கடைக்காரர். மூன்றாமவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஆறடி உயரம். முதல் பெஞ்சில் உட்கார்ந்த வயதில் வைத்த பெயர் 'பொடியன்', தலை நரைத்த பிறகும் பொடியன்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்த நால்வரும் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். ரோடு உள்ள மலை ஆகாது. ரோடு முடிந்து, ஜீப் தடமும் முடிந்து, ஆடுகளே யோசித்துக் கால் வைக்கிற இடத்தில்தான் இவர்களுக்குப் பயணம் ஆரம்பம்.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. அதனால் அவர்களுக்குள் ஒரு சட்டம். டிரைவிங் ஸ்கூல்காரர் முன்னால் போவார். தடம் இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் கண்ணில் படும்வரை நகரக் கூடாது. அடுத்த பிரிவில் அடுத்தவர் நிற்பார். அந்தக் கடைசி ஆளுக்குப் பெயர் வால். ரிப்பேர் சாமான், பஞ்சர் சாமான், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வாலின் பையில். முன்னால் போகிற மூன்று பேர் கிளப்பும் தூசியும் வாலின் வாயில். முதல் பயணத்தில் "நீ பின்னாடி வாடா" என்றார்கள், இவர் "சரி" என்றார். அன்றிலிருந்து இவர்தான் வால். கூட்டாளிகள் கூப்பிடுவதும் அப்படித்தான்.

சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: என்ன ஆனாலும் யாரும் தேடிக்கொண்டு திரும்பி வரக் கூடாது. ஒரு வருஷம் மருந்துக்கடைக்காரர் வாலைத் தேடி ஒரு வழியாக இறங்க, வால் வேறு வழியாக ஏறிவிட, அவரைத் தேடி இவர், இவரைத் தேடி பொடியன் என்று மலையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் பெட்ரோல்தான் தீர்ந்தது. அதன்பிறகு தேடல் ரத்து. காத்திருப்பது மட்டுமே அனுமதி.

போன கோடையில் கிளம்புகிற அன்று காலை, மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து பையில் ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டியிருந்தார்.

"இதுதான் கடைசி. இந்தத் தடவை சொல்லிடப்போறேன்" என்றார்.

"என்னன்னு?" என்றாள் என் மகள்.

"இனிமே வரலன்னு. முடியல. முதுகு முடியல, முழங்கால் முடியல. லீவு போட்டுட்டுப் போய் லேப்ல படற பாட்டை அங்கயும் படறேன். மொத நாளே சொல்லிடறேன்."

"சொல்ல மாட்டீங்க மாப்பிள்ளை" என்றேன் நான்.

"சொல்லுவேன் அத்தை."

"எங்க, என்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. நான்தான் டிரைவிங் ஸ்கூல்காரர்னு வச்சுக்கங்க. டேய் வாலு, அடுத்த வருஷம் இன்னும் பெரிய மலைடா! வருவேல்ல?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். ஸ்பானரைத் துணியால் துடைத்தார். "அம்மா, அவரை விடும்மா" என்று என் மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இனி நான் எழுதுவது நால்வரையும் தனித்தனியாக உட்காரவைத்து, டீ கொடுத்துக் கறந்த தகவல்.

முதல் நாள் ஓர் ஓடையைக் கடந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் என்றார் பொடியன். ஆறடி மனிதருக்கு இடுப்பு எங்கே இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நட்டநடுவில் அவர் பைக் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை பனித்தண்ணீரில் நின்று தள்ளினார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போய்த் தன் பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். சாயங்காலம், ஆடு மேய்ப்பவர்கள் விட்டுப்போன ஒரு தகரக் கொட்டகையில் ஈரக் காலுறையோடு உட்கார்ந்து, "டேய், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"நாளைக்குச் சொல்லு. மொதல்ல என் கிளட்ச் கேபிளைப் பாரு. இழுத்தா அழுவுது" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"சரி" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று டீ போடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் முந்திக்கொண்டார்.

"கடையில நாள் முழுக்க இருமறவங்களும் சொறியறவங்களும்தான்டா என் சகவாசம். இந்த ஒரு வாரத்தை நினைச்சுக்கிட்டுத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டறேன். அதுவும் நீ பின்னாடி இருக்கேங்கற தைரியம். நீ வரலன்னா என்னை வீட்டுல அனுப்பவே மாட்டாங்க, தெரியுமா?"

மாப்பிள்ளை ஏற்கெனவே சர்க்கரை போட்ட டீயில் மறுபடியும் சர்க்கரை போட்டார்.

மூன்றாம் நாள் உச்சிக்கு ஏறுகிற தடம். தடம் என்றா சொன்னேன்? மலை தன் பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல உருட்டுக் கற்கள். முன்னால் மூன்று வண்டிகளும் குதித்துக் குதித்து ஒரு வளைவில் மறைந்தன. மாப்பிள்ளை விழுந்தார். வால் விழுந்தால் பார்க்கவும் ஆளில்லை, தூக்கவும் ஆளில்லை. வண்டியைத் தானே தூக்கி நிறுத்தினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி விழுந்தார். பை ஒரு பக்கம் இழுக்க, முழங்கால் இன்னொரு பக்கம் இழுக்க, எப்படியோ தூக்கினார். மூன்றாம் முறை விழவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பையைக் கழற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். வெயில் இதமாக இருந்தது. தூங்கிப்போனார்.

மேலே முதல் பிரிவில் மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அதற்கும் மேலே இரண்டாவது பிரிவில் பொடியன். உச்சியில், நிறுத்திவைக்க இனி ஆளில்லாததால், டிரைவிங் ஸ்கூல்காரர் தானே நின்றுகொண்டிருந்தார். மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல். நகரக் கூடாது, திரும்பவும் கூடாது. அவர்களே போட்ட சட்டம்.

மருந்துக்கடைக்காரர் ஹார்னை மூன்று முறை நீட்டி அடித்தார். 'எங்கே இருக்கிறாய்' என்று அர்த்தம். ஒருமுறை பதில் அடிக்க வேண்டியது வாலின் கடமை. பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். ஷூவைக் கழற்றி மாட்டினார். கையிலிருந்த வயிற்றுவலி மாத்திரை, தலைவலி மாத்திரை இரண்டையும் எந்த வலியும் இல்லாமலே விழுங்கினார். பொடியன் இன்னும் மோசம். மாப்பிள்ளை இறந்தேபோய்விட்டதாக முடிவுகட்டி, இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டியதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்து, நடுவில் மூக்கைச் சிந்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாராம். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு கழுகு அழுதது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. வட்டமடித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டிரைவிங் ஸ்கூல்காரரோ, பக்கத்தில் ஆளே இல்லாமல், வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே நின்றாராம். பிரேக் பழக்கம்.

நிழல் நீள ஆரம்பித்த பிறகு, கீழே எஞ்சின் சத்தம் கேட்டது.

"எங்கடா போன?" மருந்துக்கடைக்காரருக்குக் குரல் கீச்சென்று வந்தது. "உயிரோடதான் இருக்கியா?"

"தூங்கிட்டேன்டா."

"தூங்கிட்டியா? மலையிலயா? கண்ணைக் காட்டு. நாக்கை நீட்டு. சுகர் இருக்கா? மயக்கமா தூக்கமா, சரியாச் சொல்லு!"

உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தூக்கம் மயக்கமாகி, மயக்கம் நெஞ்சுவலி வரை வளர்ந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"உனக்கு வயசாயிடுச்சுடா வாலு. இனிமே நீ நடுவுல வா. அடுத்த வருஷம் பொடியன் வால்."

"நானா?" என்றார் பொடியன். "என் பைக்கையே நான் தூக்கினதில்லையேடா!"

"பழகு. ஒரு வருஷம் டைம் இருக்கு. என்னடா, நடுவுல வருவேல்ல?"

மாப்பிள்ளை அந்த உயரத்திலிருந்து கீழே எங்கெங்கோ கிடந்த மலைகளைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

இறங்கும்போது அவரை நடுவில் விட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்னால் வருகிறவரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பை மட்டும் அவர் முதுகிலேயே இருந்தது. அதை யாருக்கு மாற்றுவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும் நான் கேட்டது ஒன்றுதான். "சொன்னீங்களா?"

"இல்ல அத்தை. நடுவுல இடம் குடுத்திருக்காங்க."

ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி சொன்னார். முகத்தில் மட்டும் ஜன்னல் கிடைத்த களை இல்லை.

இப்போது அடுத்த கோடை நெருங்குகிறது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் டிரைவிங் ஸ்கூல்காரர் அடுத்த மலையின் வரைபடத்தை விரித்துவிட்டுப் போயிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் முழங்காலுக்குப் பட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார். பொடியன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் பைக்கைச் சாய்த்து, தூக்கி, மறுபடி சாய்த்துப் பழகுகிறார். போன வாரம் வியர்வையோடு உள்ளே வந்து, "நம்ம வாலைப் பத்தி நல்லா நாலு பக்கம் எழுதுங்கம்மா. நான் கடையில ஜெராக்ஸ் போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுக்கறேன், கிளம்பறப்ப படிக்கலாம்" என்றார். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்ததை மாப்பிள்ளை இப்போது என் எதிரில் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் தாள், இன்னொரு கையில் என் கீழ்ப்பல்செட். மறுபடி உறுத்துகிறது என்று கொடுத்தேன். படித்துக்கொண்டே சின்ன அரத்தால் தேய்க்கிறார். உச்சிக்கு ஏறுகிற இடம் வந்ததும் அரம் நின்றது.

"அத்தை, ஒரு திருத்தம்."

"கழுகுதானே? எடுத்துடறேன்."

"கழுகு இருக்கட்டும். நான் தூங்கல."

என் மகள் சமையலறையில் குழாயை மூடிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஹார்ன் கேட்டுது. ஒவ்வொரு தடவையும் கேட்டுது. சாவியைத் திருப்பிவச்சு, ஹார்ன் மேல கட்டைவிரலையும் வச்சேன். அமுத்தல. அமுத்தினா எழுந்து போகணுமேன்னு அமுத்தல."

கீழ்ப்பல் இல்லாத வாயோடு சமாதானம் சொல்லப் பார்த்தேன். "அது நமக்குள்ள இருக்கட்டும் மாப்பிள்ளை. தாள்ல 'தூங்கிப்போனார்'னே இருந்துட்டுப் போகுது" என்றேன், பாதி காற்றாக.

"வேணாம் அத்தை" என்றார். பல்செட்டை ஊதித் தூளைத் தட்டி என் கையில் வைத்தார். "நான் சொன்ன மாதிரியே எழுதிப் பொடியன்கிட்ட குடுங்க. ஜெராக்ஸ் போடறப்ப அவன்தான் மொதல்ல படிப்பான்."