சீல் உடையாத பெட்டி

சுப்பராமன் மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. கம்பெனி சீல் இல்லாத சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் குடியிருந்தார். மின்விசிறி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பெரிய கம்பெனி. ஒட்டி வந்த ஸ்டிக்கரைக்கூட உரிக்க மாட்டார். "மாமிக்கு எத்தனை வருஷம் வாரண்டி, மாமா?" என்று நான் சீண்டுவேன். சிரிக்க மாட்டார்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. அவருடைய அக்கா ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனவள். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த ஸ்டவ்வை வாங்கி வந்தது இவர்தான். அதற்கப்புறம் அவரைச் சீண்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பின்னால் நடந்ததில் அவர்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் அடங்கவில்லை.

அவருக்கு ஒரே பிள்ளை, சாய்சரண். தசைகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகிற நோய். சின்ன வயதிலேயே நடை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அவனை மாடி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனவன், கூடப் படித்த முதஸ்ஸிர். ராயப்பேட்டைக்காரன். படிப்பு முடிந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற வேலைக்குப் போன பிறகும் தோளில் தூக்குவதை அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தி. நகரில் ஒரு வீடியோ கேம்ஸ் கடைக்குப் போவார்கள். கார் ரேஸில் சாய்சரணை ஜெயிக்க அங்கே ஆளில்லை. எழுந்து நிற்க முடியாத பிள்ளை, அந்தத் திரையில் மட்டும் எல்லோரையும் முந்திக்கொண்டு போவான்.

தொண்ணூற்றேழு கோடையில் மூச்சுத் திணற ஆரம்பித்தது. இனிமேல் வெளியே தூக்கிப் போக வேண்டாம் என்றார் டாக்டர். மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் தாண்டினா பெரிய விஷயம்" என்றார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. சாய்சரண் காதில் அது விழுந்துவிட்டது.

அவன் அழவில்லை. "ஆத்துலயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கோப்பா. ரேஸ் ஆடணும்" என்று மட்டும் கேட்டான். அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டது என்று அதுவரை எதுவுமே கிடையாது.

"ஒரு வாரத்துல நானே போட்டுத் தர்றேன் அங்கிள்" என்றான் முதஸ்ஸிர். "ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லா பார்ட்ஸும் கீது. கம்பெனி மெஷின்ல பாதி விலைதான் ஆவும்."

"கரண்ட்ல ஓடற சாமான்டா. கொழந்தை பக்கத்துல வைக்கப்போறது. கண்டதையும் சேர்த்து முடுக்கினத நான் ஆத்துக்குள்ள விடமாட்டேன்" என்றார் மாமா.

ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை எடுத்து, இருப்பதிலேயே உசத்தியான வெளிநாட்டுக் கம்பெனி மாடலுக்கு ஆர்டர் கொடுத்தார். மூன்று வருஷ வாரண்டி. பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுச் சாமானை வீட்டுக்குள் எடுக்கலாமா? கூடாது. ஊரே ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கித் தள்ளிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஆவணி பிறக்கட்டும் என்று பெட்டியைக் கம்பெனி கடையிலேயே வைத்துவிட்டார். பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்தான். பயந்தவரிடம் என்ன வாதாடுவது?

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, வாசலில் திருஷ்டி கழித்து, பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு ஸ்வீட் வந்தது. முதஸ்ஸிர் ரேஸைப் போட்டுக் கொடுத்தான். திரையில் கார் உறுமிக்கொண்டு நின்றது. சாய்சரண் கீபோர்டில் கையை வைத்தான். விரல் ஒரு கட்டையில் இருந்தது. அடுத்த கட்டைக்கு அதை எடுத்துப்போக அவனால் முடியவில்லை. மறுபடி முயன்றான். மற்ற கார்களெல்லாம் போய்விட்டன.

"ஜூன்ல என்னால முடிஞ்சுதே" என்றான். விஜயலக்ஷ்மி மாமி சமையலறைக்குள் போய்விட்டாள்.

வழியும் அவனேதான் கண்டுபிடித்தான். ஜாய்ஸ்டிக் இருந்தால் உள்ளங்கையை அதன்மேல் சாய்த்தே ஆடிவிடலாம். முதஸ்ஸிர் ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே ஸ்பிரிங்கைத் தளர்த்தி, தொட்டால் சாய்கிற மாதிரி செய்தான். ஆனால் அந்த உசத்தி மாடலில் ஜாய்ஸ்டிக் சொருக இடமே இல்லை. பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு கார்டு போட வேண்டும். பெட்டியின் பின்னால், மூடி சேரும் இடத்தில், வெள்ளி நிறத்தில் சீல் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் வாரண்டி கிடையாது.

"அஞ்சு நிமிஷ வேலை அங்கிள். கார்டு என் பையிலயே கீது."

"கம்பெனி ஆளே வந்து போடட்டும். சொல்லியிருக்கேன்."

கம்பெனியில் அடுத்த வாரம் என்றார்கள். அப்புறம் கார்டு ஸ்டாக் இல்லை என்றார்கள். மாமா தினமும் என் வீட்டு போனிலிருந்துதான் பேசுவார். "ஆகட்டும் சார், ஆகட்டும் சார்" என்று அவர் பணிந்து பேசுவதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சீலின்மேல் ஈரம் படாமல் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு நானும் மேலே இருந்தேன். சாய்சரண் கேட்டான்: "அப்பா, இந்தப் பொட்டிக்கு எத்தனை வருஷம் வாரண்டி?"

"மூணு வருஷம்டா கண்ணா."

"எனக்கு டாக்டர் எத்தனை சொன்னார்?"

மாமா கையைப் பெட்டிக்குப் பின்னால் சீல் வரைக்கும் கொண்டுபோனார். திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "கம்பெனிக்காரன் நாளைக்கு வந்துடுவான்" என்றார்.

கார்த்திகை மழையில் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து சாய்சரண் திரும்பி வரவில்லை. பாடையைப் படியிறக்கும்போது முதஸ்ஸிரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

தை பிறந்து கம்பெனி ஆள் வந்தான். கழுத்தில் டை, கையில் கார்டு. வீடு தெரியாமல் என் கதவைத் தட்டியதால் நானே மேலே கூட்டிப்போனேன். விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மாமா, "போடுங்கோ" என்றார்.

அவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "சீல் அப்படியே இருக்கே! வெரி குட் சார். பாதிப் பேர் லோக்கல் பசங்ககிட்ட குடுத்துக் கெடுத்துடறாங்க." திறந்தான், கார்டைப் போட்டான், மூடினான். முதஸ்ஸிர் சொன்னது சரி, அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. புது சீல் ஒன்றை எடுத்து அழுத்தி ஒட்டினான். "யாரு சார் ஆடப்போறது? வரச் சொல்லுங்க, டெஸ்ட் பண்ணிடலாம்."

மாமா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். கம்பெனி ஆள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மாமி சமையலறையிலிருந்து வந்தாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, இன்னும் சரியாகக்கூட ஒட்டாத அந்தச் சீலை நகத்தால் சுரண்டி, முழுசாக உரித்து எடுத்தாள். மாமா தடுக்கவில்லை.

"நகத்தாலயே வந்துடுத்து பாருங்கோ" என்றாள் மாமி. "அவன் இருக்கறச்சே நான் இதப் பண்ணியிருக்கணும்."