கடற்கரைக் கோயில் படத்தில் ஒரு மனிதர்

போன வாரம் ஈப்போ பக்கத்தில், குனோங் ராபாட்டில் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் என்கிற ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் பெரிய டிவி. யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அது ஓடாவிட்டால் ஆள் வராது என்று கடைக்காரர் நம்புகிறார். தமிழ்நாட்டுச் சுற்றுலா விளம்பரம் ஒன்று வந்தது. மேலே பறந்தபடி எடுத்த படம். மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில், சுற்றிலும் வெட்டிவிட்ட புல்தரை, வேலி, வரிசையில் ஜனங்கள். சட்டென்று என் மூக்கில் தூசி கருகுகிற வாசனை ஏறியது.

"அண்ணே, ஏதாச்சும் தீயுதா?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்லியே லா. ரொட்டிகூட இன்னும் போடலியே," என்றார் அவர்.

தீயவில்லைதான். அது நாற்பது வருஷத்துக்கும் மேலான வாசனை. ஸ்லைடு மெஷினில் பல்பு சூடேறும்போது உள்ளே படிந்திருக்கும் தூசி கருகும். அந்த வாசனையை மோந்தபடி என் இளமையில் மூன்று வருஷங்களைக் கழித்திருக்கிறேன். சிலருக்கு முதல் வேலை என்றால் பேனா மை வாசனை வரும். எனக்கு இது.

எழுபதுகளின் கடைசி. ஈப்போவில் ஒரு ராவுத்தர் முதலாளியிடம் வேலை பார்த்தேன். கீழே மளிகைக் கடை, மாடியில் கப்பல் டிக்கெட் ஆபீஸ். மல்லி, வத்தல் நெடிக்கு நடுவில் தும்மிக்கொண்டே பாஸ்போர்ட் பாரம் நிரப்புவோம். வருஷத்துக்கு இரண்டு முறை 'இந்தியா ஸ்தல யாத்திரை' என்று ஆள் சேர்த்துக் கப்பலில் அனுப்புவார் முதலாளி. அவர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து ராமேஸ்வரத்துக்கும் மதுரைக்கும் பஸ் ஏற்பாடு பேசுவார். அதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தோன்றாத காலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய வேனில் ஸ்லைடு மெஷினை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது என் வேலை. படம் காட்டி, விளக்கம் சொல்லி, ஆசை மூட்டி, பேர் எழுதிக்கொண்டு வரவேண்டும். இதில் ஒரு சின்னச் சங்கடம். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஒரே கடல் லுமுட் கடல். அதை வைத்துக்கொண்டே கன்னியாகுமரிச் சூரிய உதயத்தை வர்ணிப்பேன். "மூணு கடலும் மூணு நிறத்துல இருக்கும், நின்ன எடத்துலேருந்தே பிரிச்சுப் பாக்கலாம்," என்பேன். ஒருநாள் முதலாளியே, "நெசமாவாடா?" என்றார். "இருக்கும் முதலாளி," என்றேன். அவ்வளவு நம்பிக்கையான குரல் எனக்கு அப்புறம் எந்த வேலையிலும் வாய்க்கவில்லை.

கோப்பெங் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் அன்று படம். பட்டப்பகல் என்பதால் ஜன்னல்களைக் கம்பளியாலும் சாக்காலும் மறைத்திருந்தார்கள். உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. எத்தனை குளித்தாலும் போகாத ரப்பர்ப் பாலின் புளிப்பு வாசனை, தேங்காயெண்ணெய், அழுகிற பிள்ளைகள். தோட்டத்துக் கிளார்க்கை எல்லோரும் கிராணி என்பார்கள். அவர் வீட்டுப் படுக்கை விரிப்புதான் திரை. அதன் நடுவில் ஒரு மடிப்பு நீவினாலும் போகவில்லை. எல்லாக் கோபுரங்களும் இடுப்பில் மடிந்துதான் தெரிந்தன.

காஞ்சிபுரம் முடிந்து கடற்கரைக் கோயில் வந்தது. "பல்லவராசா கட்டுனது. அலை வந்து கோயில் காலக் கழுவும்," என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க! அத நிறுத்துங்க தம்பி!"

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து திரையை நோக்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். அவளுடைய நிழல் கோயிலைப் பாதி மறைத்தது. படத்தின் இடது மூலையில் ஒரு மனிதர் மணலில் குத்தவைத்து, துணி விரித்துச் சங்கு விற்றுக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, அதன் நுனி வலது காதுக்குப் பின்னால் தொங்கியது. முகம் பாதிதான் தெரிந்தது. நூறு முறை காட்டிய படம். அந்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள். மனிதர் அவளுடைய புறங்கையின்மேல் வந்து உட்கார்ந்தார்.

"இது எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

கிராணிதான் என் காதில் சொன்னார். அவள் பேர் பாக்கியம். புருஷன் சின்னையா சிவப்பு கார்டுக்காரர். உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்காது. குடியுரிமைப் பாரத்தை நிரப்பாமல் விட்டவர்களுக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு அவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். கிடைக்காதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். சின்னையாவும் போனார். பாக்கியம் இங்கேயே பிறந்தவள், குடியுரிமைக்கான நீல கார்டு, வேலை இருந்தது. ஒரு வருஷத்தில் ஏதாவது வழி செய்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. இவள் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அந்தப் படத்தை நாலு முறை திருப்பிக் காட்டச் சொன்னாள். பல்புச் சூட்டில் ஸ்லைடு வளைந்துவிடும் என்று பயந்துகொண்டே காட்டினேன்.

"தம்பி, ஒங்க பஸ்ஸு இந்த எடத்துக்குப் போகுமா?"

"போகும்க்கா."

"நிக்குமா?"

"ஒரு மணி நேரம் நிக்கும்."

"போதும். எம்பேர எழுதிக்குங்க."

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் படங்களை அடுக்கும்போது அந்த ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அட்டைச் சட்டத்தின் ஓரத்தில், படம் கழுவிய மாதமும் வருஷமும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. சின்னையா மலாயாவை விட்டுப் போவதற்கு இரண்டு வருஷம் முந்தியது. அந்த ஆள் மகாபலிபுரத்தில் சங்கு விற்ற நாளில் சின்னையா கோப்பெங்கில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். முதலாளிக்கு முப்பது பேர் சேரவேண்டும். மூன்று பேர் குறைவு. அது ஒரு காரணம். திரையில் கை வைத்தபோது அவள் முகம் இருந்த விதம் இன்னொரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவதைத்தான் வெளியில் சொல்ல முடியும் என்பதால் அதையே நம்பவும் தொடங்கினேன். அடுத்த ஞாயிறு போனபோது அவள் வளர்த்த இரண்டு மாடுகளும் கொட்டகையில் இல்லை.

குழுவை அழைத்துப்போக முதலாளி என்னையே அனுப்பினார். எனக்கும் அதுதான் முதல் பயணம் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பினாங்கில் கப்பலேறி மெட்ராஸ் சேர ஒரு வாரம். முதல் நாளே வாந்தி எடுத்து அந்த ரகசியத்தை நான் காப்பாற்றாமல் விட்டேன். எனக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொடுத்தது பாக்கியம்தான். "ஒங்களுக்கும் புதுசா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

கடற்கரைக் கோயில் படுக்கை விரிப்பில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. மற்றவர்கள் கல் யானைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். பாக்கியம் கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கு, சோழி, பாசிமாலை விற்கிறவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு முகமாக. ஒரு மணி நேரம் முடிந்து டிரைவர் ஹாரன் அடித்தார். மூலையில் இருந்த கிழவர், "யாரம்மா தேடுற?" என்றார். அவள் படத்தைப் பற்றிச் சொன்னாள். துண்டு, குத்தவைத்த விதம், பின்னால் தெரிந்த பாறை.

"அது நான்தாம்மா. வெள்ளக்காரன் ஒருத்தன் படம் புடிச்சுக்கினு போனான். ரொம்ப வருசமா இதே எடம்தான் எனக்கு," என்றார். துண்டு நுனி அவருடைய வலது காதுக்குப் பின்னால்தான் தொங்கியது.

அவள் குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். "நீங்க இல்ல," என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் அவர், ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல. தப்பு செய்தவன் நான், பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் திருக்கழுக்குன்றம். உச்சிப்பொழுதில் கழுகு வந்து சோறு தின்னும் என்று எல்லோரும் மலைமேல் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். சின்னையாவின் ஊர் அங்கிருந்து ஆறு மைல். நான்தான் குதிரை வண்டி பேசினேன். என் குறுகுறுப்புக்கு அந்த அளவாவது செய்யவேண்டியிருந்தது. வழியெல்லாம் அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வேறு கல்யாணம் பண்ணியிருப்பார், பிள்ளைகள் இருக்கும், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறாள் என நினைத்தேன். பிறகு அதையே சொன்னாள்: "இன்னொருத்தி இருந்தா சண்ட போட மாட்டேன் தம்பி. ஆளு இருந்தாப் போதும்."

சின்னையாவின் அண்ணன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இவள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். எங்களுக்குப் பின்னால் வண்டியை எட்டிப் பார்த்தார்.

"அவன் வரலியா?" என்றார்.

பாக்கியத்துக்குப் புரியவில்லை. எனக்கு மெல்லப் புரிந்தது.

"அவருதான் இங்க வந்தாரே," என்றாள்.

"வந்தான். இங்க வேல ஏது? கடுதாசி எழுதிக் குடுத்த வாத்தியாரும் மாத்தலாயிப் போயிட்டாரு. அவரு விலாசத்துக்கு வந்த ஒங்கடுதாசி எதுவும் அதுக்கப்புறம் எங்க கைக்கு வரல. வெக்கமா இருக்குன்னு சொல்லிக்கினே கெடந்தான். ஒரு பொங்கல் கழிச்சு, எம்பொண்டாட்டிகிட்டயே போறேன், எப்படியாச்சும் கப்பலேறிருவேன்னுட்டு நாகப்பட்டணம் கெளம்பினான். அஞ்சு வருசமாச்சு. அவன் ஒங்கிட்ட இருக்கான்னுதான் நாங்க நெனச்சிக்கினு இருந்தோம். ஒரு வரி போடலியேன்னு அவனத் திட்டிக்கினே எங்கம்மா செத்துச்சு."

பாக்கியம் அழவில்லை. அவர் படுத்த இடம் எது என்று கேட்டாள். காட்டினார்கள். அந்த மூலையில் இப்போது நெல் மூட்டை இருந்தது. கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "போலாம் தம்பி," என்றாள். நாங்கள் திரும்பியபோது கழுகு வந்து போயிருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அதன்பிறகும் பஸ் போனது. சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம். கன்னியாகுமரியில் மூன்று கடலும் ஒரே நிறத்தில் இருந்தன. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. பாக்கியம் ஒவ்வோர் ஊரிலும் பிச்சைக்காரர்கள் வரிசையைத் தவறாமல் பார்த்தாள். புருஷன் வழியில் புத்தி பேதலித்துப் போயிருக்கலாம் என்று எண்ணியிருப்பாள். நான் கேட்கவில்லை.

திரும்பும் கப்பல் நாகப்பட்டினத்துக்கு எட்ட நின்றது. கரையிலிருந்து ஆட்களைப் படகுகளில் கொண்டுவந்து ஏற்றினார்கள். காலையிலிருந்து கடைசிப் படகு வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி நின்றாள். ஏணியை மடக்கினார்கள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்லைடில் இருந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் கூட்டிவந்தேன் என்றும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்," என்றாள் கடலைப் பார்த்துக்கொண்டே. "என்னய மறந்துட்டாருன்னு சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டாச்சும் இருந்திருப்பேன். இப்பத் திட்டறதுக்கும் ஆளில்லாமப் பண்ணிட்டீங்களே தம்பி."

ஊர் வந்ததும் முதலாளி தெரிந்தவர்களைப் பிடித்துக் கப்பல் பேரேடுகளில் பார்க்கச் சொன்னார். அந்தப் பேரில் ஏறியவர் யாரும் இல்லை. அடுத்த வருஷம் நான் வேலையை விட்டேன். மெஷினைத் தொடவே கை வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்தத் தோட்டம் கைமாறியது. வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். எல்லோரும் போனார்கள். பாக்கியம் மட்டும் நகரவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனேன். தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீடுகளுக்குக் கூரை இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க்கா, குனோங் ராபாட்ல வாடகைக்கு ரூம் பாத்துத் தாரேன்," என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதான தம்பி. வந்து நின்னா யாரக் கேப்பாரு?"

பேச்சே தொழிலாக இருந்தவன் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தேன். கடைசியில் லாரி வந்து சாமான்களை எடுத்து வெளியே வைத்தபோதுதான் எழுந்தாள். ரோட்டு முனைச் சீனர் மளிகைக் கடைக்குப் போய், "தவுக்கே, எங்க வீட்டுக்காரரு வந்தா எங்க போயிட்டேன்னு சொல்லணும்," என்று சொல்லி, என்னை எழுதச் சொல்லிப் புது விலாசத்தைக் கொடுத்தாள். சீன முதலாளியைத் தவுக்கே என்போம்; இவர் நம் பாஷை நன்றாகப் பேசும் மனிதர். "சொல்லுறேன்மா," என்று அதை அரிசிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். மூன்று வருஷம் போனாள். பிறகு காய்ச்சலில் படுத்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தாள். கொள்ளி வைக்கச் சொந்தம் யாரும் வராததால் நான்தான் வைத்தேன்.

ரோட்டை அகலப்படுத்தியபோது தவுக்கே கடையை இடித்தார்கள். அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள், எல்லாவற்றிலும் கார். மாடி ஆபீஸ் போயிற்று. ஆளை ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்த கப்பலும் போயிற்று. முதலாளி காலமானார். கிராணி பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டார். சின்னையா என்று ஒருவர், பெண்டாட்டியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு தை மாதம் புறப்பட்டார் என்பது கடலுக்கு இந்தப் பக்கத்தில் இன்று தெரிந்திருப்பது எனக்கு மட்டும்தான்.