நூறு வரைக்கும் எண்ணினால்

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பனியன் கம்பெனி லீவு. கட்டிங் டேபிளைச் சுற்றி என் மகனும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சிப்பாயாகி, பகடை உருட்டி, பேசிப் பேசியே சண்டை போடும் ஆட்டம். பகடை உருண்டது.

புதிதாக ஆட வந்த பிள்ளை திகைத்துப்போனாள். "ஏனுங்க, ஒரே குண்டுக்கு என்ற ஆளு செத்துட்டானா?"

"நெசச் சண்டைன்னா அப்படித்தானுங்க," என்றான் மகன்.

பகடை உருண்ட அந்தச் சத்தம் என்னைப் புளியங்கொட்டை உருட்டிய எங்கள் வாசலுக்குக் கொண்டுபோனது. எங்கள் ஆட்டத்தில் நூறு எண்ணினால் செத்தவர் எழுந்துகொள்ளலாம். எங்களைப் பெத்த அய்யன் பட்டாளத்துக்காரர், முறுக்கு மீசை. லீவில் வந்தால் சாணி மெழுகிய வாசலில் செத்துக் கிடப்பார். தங்கச்சி தப்பும் தவறுமாக எண்ணி முடித்ததும் சிரித்துக்கொண்டே எழுவார்.

எல்லையில் அவர் செத்துப்போன சேதி வந்த அன்று, தங்கச்சி வாசலில் உட்கார்ந்து எண்ணினாள். நடுவில் தப்பும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். குரல் கம்மிப்போனது.

"நான் தப்பா எண்ணிட்டனாக்கா?"

எனக்கும் நூறு வரைக்கும் எண்ணத் தெரியாது. அதற்கப்புறம் அவள் எதையும் வாய்விட்டு எண்ணியதில்லை.

"அடுத்த ஆட்டத்துல எந்திரிச்சிருவானுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"எந்திரிக்க மாட்டான் கண்ணு," என்று நானே சொன்னேன்.