நான் கையெழுத்திட்ட டிரா

பெரம்பலூரில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிக்கு அரியலூரிலிருந்து போன எங்கள் பெண்கள் அணிக்கு நான்தான் கேப்டன். முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் வாங்கியிருந்தோம். முதல் இரண்டு இடம் வந்த அணிகளை டிராவின், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலின், இரண்டு முனைகளில் வைப்பார்கள். இறுதியாட்டம் வரை அவை மோதாது. சீடிங் என்பது அவ்வளவுதான்.

அன்று காலை கேப்டன்கள் கூட்டத்தில் ஒப்புதல் கையெழுத்துக்காக டிராவை நீட்டினார்கள். எங்கள் இடத்தில் போட்டியை நடத்திய கல்லூரியின் பெயர் இருந்தது. எங்களுக்கு முதல் ஆட்டமே சாம்பியன் அணியோடு. ஏன் என்று கேட்டேன். எங்கள் அணியில் பாதிப் பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், இது புது அணி என்றார் அமைப்பாளர். நடத்திய கல்லூரி அணியிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பேனாவுக்காகக் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எங்களில் நன்றாக ஆடுபவள் ரெட்டிபாளையத்துப் பெண். அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. அவளுக்கு அது கடைசி வருஷம். பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று நம்பியிருந்தாள். அந்த அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள்.

நான்கு புள்ளியில் தோற்றோம். எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் போட்டவை. பார்த்தவர்கள் என்று யாரும் இல்லை. மேடையில் அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டிராவப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டியாடி?"

"ஆமா."

"போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."



நடத்திய கல்லூரி இறுதிவரை போய் சாம்பியனிடம் படுமோசமாகத் தோற்றது. ஆனாலும் அந்த அணியிலிருந்து இரண்டு பேரைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். புகார் எழுதலாமா என்று எங்கள் உடற்கல்வி மேடத்திடம் கேட்டேன்.

"கேப்டனே கையெழுத்துப் போட்டப்பறம் நான் என்னன்னு எழுதறது?" என்றார்.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் கணவர். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். கணவரிடம் என்னைக் காட்டி, "காலேஜ்ல கூடப் படிச்சவங்க" என்றாள். சேர்ந்து ஆடியதைச் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கும்பகோணம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்கள்.